கத்தரிப்பூவுக்கு இரண்டு இருமல்

சொரிமுத்துவுக்கு எந்தத் தனித் திறமையும் கிடையாது. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. ஏழு வருஷமாக நான் டைப் அடித்து மேலே அனுப்பிய அரசாங்க உண்மை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் ஒரு துண்டுத் தாளில் இங்கிலீஷில் எழுதி அனுப்புவார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தற்காலிக உதவியாள் சொரிமுத்து கண்ணாடி துடைக்கிறார். இந்த வேலைக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. அவரிடம் அப்படி ஒன்று இருப்பதாகவும் தெரியவில்லை. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்க இயலாது." நாலாம் வருஷத்துக்கு மேல் அவர் தாள்கூட அனுப்பவில்லை. "போன வருஷத்து மாதிரியே அடிச்சுடச் சொல்லு" என்று ப்யூனிடம் சொல்லி விடுவார். எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று கார்பன் வைத்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு.

நான் வானமாமலை. நிர்வாகப் பிரிவில் டைப்பிஸ்ட். குடி செம்பூர் திலக் நகர், பிறந்தது நாங்குநேரிப் பக்கம். நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் செம்பூரைத் தாண்டி தேவ்நார் போகிற வழியில் இருந்தது. பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கேயிருந்துதான் வருகிறது.

சொரிமுத்து அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். 1953இல் பம்பாய்க்கு வந்து தாராவியில் இறங்கினான். முதல் எட்டு வருஷம் குர்லாவில் மன்சூர் அலி என்பவரின் பட்டறையில் வேலை. காயல்பட்டினத்துக்காரர். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிப் பூச்சு ஏற்றுகிற தொழில். கண்ணாடி சுத்தமாக இல்லாவிட்டால் வெள்ளி பிடிக்காது, ஆறு மாதத்தில் உரிந்து கல்யாணப் பெண்ணின் முகத்தில் படை மாதிரி தெரியும். அதனால் மன்சூர் அலி ஒவ்வொரு கண்ணாடியையும் கழுவிய பிறகு வாயால் ஊதிப் பார்க்கச் சொல்லுவார். மூச்சின் ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் கண்ணாடி சுத்தம். திட்டுத் திட்டாகப் படிந்தால் திரும்பக் கழுவ வேண்டும். சொரிமுத்து எட்டு வருஷம் ஊதினான். 1961இல் பட்டறை இடிபட்டபோது எங்கள் நிலையத்தில் கண்ணாடி கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தான்.

அவனை எடுத்துக்கொண்டவர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக ஆபீஸ் போகிற குடும்பம். லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். அவருடைய லேபில் நடந்த வேலை மெல்லிய படலம் பூசுவது. பெரிய கண்ணாடி மணி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுப்பார்கள். உள்ளே ஒரு சின்ன உலோகத் தட்டில் மக்னீசியம் ஃப்ளோரைடு என்கிற வெள்ளைப் பொடி. தட்டில் கரண்ட் விட்டால் பொடி ஆவியாகி, மேலே கட்டியிருக்கும் லென்ஸில் போய்ப் படியும். அந்தப் படலத்தின் கனம் ஆயிரம் ஆங்ஸ்ட்ராம். ஒரு தலைமுடியின் கனத்தை அறுநூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு. சரியான கனத்தில் படிந்தால் லென்ஸ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, பைனாகுலரில் படம் துலக்கமாக விழும். ராணுவத்துக்குத் தேவை, கடற்படைக்குத் தேவை என்று டாக்டர் சொல்லுவார். ராணுவம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சொரிமுத்து சேர்ந்தபோது அந்த லேபில் ஆறு மாதமாக ஒரு லென்ஸிலும் பூச்சு நிற்கவில்லை. துணியால் தொட்டால் துணியோடு வந்துவிடும். டாக்டர் பம்பைக் குறை சொன்னார், பம்பாய் ஈரக்காற்றைக் குறை சொன்னார், முனிசிபாலிட்டித் தண்ணீரைக் குறை சொல்லி நாலு பக்கக் கடிதம் எழுதினார். அதையும் நான்தான் அடித்தேன். சொரிமுத்து வந்த முதல் வாரம் ஒரு லென்ஸைக் கழுவி எடுத்து, பழக்க தோஷத்தில் ஊதிப் பார்த்தான். டாக்டர் பதறிப்போனார்.

"என்னடா பண்றே? எச்சல் பண்ணிட்டியே. போய்த் திரும்ப அலம்பிண்டு வா."

லண்டன் போய் விஞ்ஞானம் படித்தவருக்கு மூச்சுக்கும் எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது எங்கள் ஊர் விசேஷம். சொரிமுத்து அன்றிலிருந்து ஜன்னல் ஓரம் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊதினான். அந்த மாதமே பூச்சு நின்றது, எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் வரவில்லை. பம்ப் இப்போதுதான் சரியாக ஓடுகிறது என்று டாக்டர் அறிக்கை கொடுத்தார்.

அடுத்த தொல்லை, கரண்டை எப்போது நிறுத்துவது என்பது. படலம் கனக்கக் கனக்க அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் நிறம் மாறிக்கொண்டே போகும். முதலில் மங்கலான வைக்கோல் மஞ்சள். பிறகு ஒரு செம்மை கலந்த பழுப்பு. அதன் பிறகு ஊதா. அந்த ஊதா வந்த கணத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் நீலத்துக்குப் போய்விடும், லென்ஸ் வீண். லண்டனில் படலம் படியும்போதே இதைப் பார்த்துச் சொல்ல ஒரு மீட்டர் இருந்ததாம். இங்கே அந்த மீட்டருக்கு 1960இல் ஆர்டர் போட்டார்கள். அது கஸ்டம்ஸில் கிடந்தது. அதனால் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டர் ஒரு மாதம் பார்த்தார். ஒன்று பழுப்பில் நின்றது, மற்றதெல்லாம் நீலத்தில் நின்றது.

ஒரு நாள் டாக்டர் மணிக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் துடைப்புத் துணியோடு நின்ற சொரிமுத்து தானாகச் சொன்னான்.

"வெங்காயத்தோலு போயி கத்தரிப்பூ வந்துட்டு சார். இனி விட்டா மயில்கழுத்து ஆயிரும்."

டாக்டர் அனிச்சையாகக் கரண்டை நிறுத்தினார். லென்ஸை வெளியே எடுத்து அளந்து பார்த்தால் ஆயிரத்துக்கு இருபது ஆங்ஸ்ட்ராம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த நிறப் பெயர்கள் அவன் மனைவி பூமாரியிடமிருந்து வந்தவை. பூமாரி தாராவியில் வீடு வீடாகச் சேலை விற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டையைச் சொரிமுத்து சுமப்பான். தாராவிப் பெண்கள் நிறத்தில் ஏமாறுகிறவர்கள் இல்லை. "கத்தரிப்பூ கேட்டா நாவப்பழத்தக் கொண்டாந்து நீட்டுதியே, கண்ணு அவிஞ்சா போச்சு" என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த கண் அவனுடையது. விஞ்ஞானிகள் ஏசினால்கூட அவ்வளவு துல்லியம் வராது.

அன்று முதல் மணிக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுச் சொரிமுத்து உட்கார்ந்தான். அவன் நிறம் சொல்லுவான், டாக்டர் கரண்டை நிறுத்துவார். டாக்டரின் நோட்டில் வி.டி., கே.பி., எம்.கே. என்று இங்கிலீஷ் எழுத்துகள் ஏறின. வெங்காயத்தோல், கத்தரிப்பூ, மயில்கழுத்து.

டாக்டர் ஏன் தானே பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன், மனசுக்குள். விடை 1963 தீபாவளியில் இருந்தது. டாக்டரின் மனைவி நாகலக்ஷ்மி அம்மாள் நீலத்தில் ஒரு சேலை வேண்டும் என்றிருக்கிறார். டாக்டர் பூமாரியின் மூட்டையை லேபுக்கே வரவழைத்தார். நன்றாகத் தேடிப் பார்த்து, "இதோ, இந்த நீலம் பிரமாதம்" என்று ஒரு சேலையை உருவினார். அது சுத்தமான கத்தரிப்பூ. பூமாரி வாயைத் திறக்கப் போனாள். சொரிமுத்து அவள் காலை மிதித்தான். மறுநாள் சேலை திரும்பி வந்தது. "அவளுக்கு டிசைன் பிடிக்கலை" என்றார் டாக்டர். சிவப்பு அவர் கண்ணில் ஏறாது. கத்தரிப்பூவிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் மிச்சம் நீலம்தானே. நிறத்தைப் பார்த்துக் கனம் சொல்லுகிற வேலைக்கு, நிறம் தெரியாத ஒருவரை லண்டன் அனுப்பிப் படிக்க வைத்து, சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தோம்.

சொரிமுத்து இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், அதுவும் ரொம்ப நாள் கழித்து, பரிதாபமாகச் சொன்னான். "பாவம் அண்ணாச்சி, தக்காளியப் பாத்துப் பழுத்துருக்கா காயான்னு கூடத் தெரியாது போல." பரிதாபப்பட்டது அவன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

1964இல் டாக்டரின் கட்டுரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதில் கே.பி. முனை என்று ஒரு சமாச்சாரம். கே.பி. வந்ததும் ஆவியை நிறுத்தினால் கனம் எப்போதும் சரியாக இருக்கும் என்று அட்டவணை போட்டிருந்தார். கே.பி. என்றால் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். டாக்டர் ஒரு நாள் முழுக்க யோசித்து, 'கைனடிக் பிளாட்டோ', அதாவது இயக்கச் சமதளம், என்று பதில் எழுதினார். நான் டைப் அடித்தேன். கத்தரிப்பூ அன்றைக்குப் பூணூல் போட்டுக்கொண்டு இங்கிலீஷ்காரன் ஆகிவிட்டது. கட்டுரையில் சொரிமுத்துவின் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் பம்ப் கம்பெனியின் பெயர் இருந்தது.

கட்டுரை வந்த பிறகு லேபைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி துடைக்கிறவன் ஸ்டூலில் உட்கார்ந்து நிறம் சொல்ல, டாக்டர் கீழ்ப்படிந்து கரண்டை நிறுத்துவதை அவர்கள் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? டாக்டர் ஓர் ஏற்பாடு செய்தார். ஸ்டூலில் அவரே உட்காருவார். சொரிமுத்து துடைப்புத் துணியோடு பின்னால் நின்று, வெங்காயத்தோலுக்கு ஒரு தடவை இருமுவான். கத்தரிப்பூவுக்கு இரண்டு தடவை. நாலு வருஷம் இப்படி இருமினான். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு புரொபசர் மனம் இளகி, "அந்த மனிதனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொரிமுத்துவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நிலையத்தில் நிரந்தரமானவர்களுக்குத் தேவ்நார் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை கொடுப்பார்கள். கோலி என்போம். அந்தக் கோலிக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கும். தாராவியில் அவர்கள் இருந்த சந்தில் அறுபது குடிசைக்கு ஒரு குழாய். பூமாரி குடத்தோடு வரிசையில் நின்று, சண்டை போட்டு, ஒரு தடவை தலையில் அடிபட்டு மூன்று தையல் போட்டிருந்தாள்.

"எனக்குப் பட்டும் வேண்டாம் பவுனும் வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒரு நாள் என்னிடமே சொன்னாள். "கோலிக்குள்ள ஒரு கொழா. தொறந்தா தண்ணி வரணும். எவ மூஞ்சியிலயும் முழிக்கக் கூடாது. இவுக பர்மனென்ட் எப்ப ஆவாவ?"

"மேல போயிருக்கும்மா, வந்துரும்" என்றேன். மேலே போயிருந்தது என்பது உண்மை. என்ன போயிருந்தது என்பதைத்தான் சொல்லவில்லை. டாக்டரும் ஒவ்வொரு வருஷமும் அவனிடம், "நான் நன்னாத்தான்டா எழுதியிருக்கேன், மேலே இருக்கறவா மனசு வைக்கணும்" என்றே சொல்லி வந்தார். அவன் நம்பினான். வருஷா வருஷம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க மிசினு ராசியானதுன்னு சொல்லுதாவ, நல்லா அடிங்க அண்ணாச்சி" என்பான். நான் அந்த டீயைக் குடித்தேன்.

1968 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏழு வருஷம் முடிந்தும் பரிந்துரை இல்லாத தற்காலிக ஆட்களை மார்ச் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட வேண்டும். இந்தத் தடவை டாக்டர் ப்யூனை அனுப்பவில்லை, நேரிலேயே வந்தார்.

"வழக்கம் போலவே அடிச்சுடும். முப்பத்தொண்ணாந்தேதி நிறுத்திட்டு, ஏப்ரல் நாலாந்தேதி புதுசா எடுத்துப்போம். மூணு நாள்தானே."

"ஏழு வருஷ சர்வீஸ் போயிடுமே சார். குவார்ட்டர்ஸ் லிஸ்டுலயும் இருக்கான்."

"பர்மனென்ட் ஆனா பொது லிஸ்டுக்குப் போயிடுவான் ஓய். அப்புறம் தோட்டத்துக்குப் போடுவா, கேன்டீனுக்குப் போடுவா. என் லேப் என்ன ஆறது? நான் அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். புது எடத்துல அவனுக்கு என்ன தெரியும்?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவனுக்குத் திறமை இல்லை என்று எழுதியது, அவனிடம் திறமை இருந்ததால். கொஞ்சம் மட்டமாக வேலை செய்திருந்தால் 1963லேயே நிரந்தரமாகி, கோலியும் குழாயுமாக இருந்திருப்பான். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஏறி என்ன செய்தேன்? அடித்துக் கொடுத்தேன். மூன்று கார்பன்.

ஆனால் அன்று சாயங்காலம் அவனைச் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் இரானி ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவையாக டீ நான் வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஏழு வருசமுமா?"

"ஆமாவே."

"அடிச்சது யாரு?"

"நாந்தான்."

"உங்க மிசினுல எழுத்து நல்லாத் தெளிவா விழுமே அண்ணாச்சி" என்றான். கன்னத்தில் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த வாசகத்த இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றான். சொன்னேன். உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தான். எழுந்து ரயிலுக்குப் போனான்.

பிப்ரவரி மத்தியில் தில்லியிலிருந்து ஒரு கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் ஓர் உத்தரப் பிரதேசத்துக்காரர், பெரிய உடம்பு. இரண்டாமவர் வெங்கடராமன், சென்னையில் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். மூன்றாமவர் தூங்கினார். அப்போது கட்டி முடிந்திருந்த புதுக் கட்டிடத்தில் டாக்டரின் லேபுக்கு இடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய வந்தவர்கள். பேசுவதைக் குறிப்பெடுக்க என்னை ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு உட்கார வைத்தார்கள். அதனால்தான் இதைக் கண்ணால் பார்த்தேன்.

டாக்டர் புது டை கட்டியிருந்தார். மணியைக் கவிழ்த்து, காற்றை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்டைத் திருகினார். கமிட்டி சுற்றி நின்றது. சொரிமுத்து பின்னால், துணியோடு.

"இப்போது கே.பி. வரும். பாருங்கள்" என்றார் டாக்டர் இங்கிலீஷில்.

மஞ்சள் வந்தது. எனக்கே தெரிந்தது. பிறகு வெங்காயத்தோல் வந்தது. இருமல் வரவில்லை. டாக்டர் லேசாகத் திரும்பினார். சொரிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரே ஒரு தடவை இருமிப் பார்த்தார், ஞாபகப்படுத்துகிற மாதிரி. அதற்கும் பதில் இல்லை. டாக்டரின் பின்கழுத்தில் வியர்வை இறங்கியது.

"இதுதானா கே.பி.?" என்று தலைவர் குனிந்து கேட்டார். "என்ன நிறம் என்று சொல்லுவீர்கள் இதை?"

டாக்டர் இனிப் பொறுக்க முடியாமல், பின்னால் திரும்பித் தமிழில் குசுகுசுத்தார். "என்னடா, கத்தரிப்பூ வந்துடுத்தா?"

சொரிமுத்து குசுகுசுக்கவில்லை. "கத்தரிப்பூவா? அது வந்து போயி, மயில்கழுத்தும் ஆயிட்டு சார்."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவன் யார் என்று கேட்டார். "க்ளீனர்" என்றார் டாக்டர். தலைவர் அவனிடமே ஹிந்தியில் கேட்டார், நிறத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று. சொரிமுத்து துணியை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, தாராவி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னான்.

"அப்புன்கோ குச் நை ஆத்தா சாப். ஃபைல் மே லிக்கேலா ஹை. ஸாத் ஸால் ஸே லிக்கேலா ஹை."

எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா, ஃபைலில் எழுதியிருக்கிறது, ஏழு வருஷமாக எழுதியிருக்கிறது. என் பென்சில் நின்றுவிட்டது.

இதற்குள் வெங்கடராமன் தம் பையிலிருந்து டாக்டரின் கட்டுரையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "கத்தரிப்பூ" என்றார் தமக்குத் தாமே. பக்கத்தைத் திருப்பினார். "கே, பி." இன்னொரு தடவை திருப்பினார். "எம்.கே. வந்து... மயில்கழுத்து." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயசான மனிதர், மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்றாமவர் விழித்துக்கொண்டார்.

"கைனடிக் பிளாட்டோன்னு போட்டிருக்கேளே, ஸ்வாமி" என்றார் வெங்கடராமன். "இதை நான் மூணு வருஷம் பசங்களுக்குப் பாடமா நடத்தியிருக்கேன்."

சிரிப்பு அடங்கியதும் அவர் சொரிமுத்துவிடம் வந்து, இன்னொரு லென்ஸ் நீயே போட்டுக் காட்டுவாயா என்று கேட்டார்.

"காட்டுதேன் சார். ஆனா எனக்குத் தெறம இருக்குன்னு எழுதுவாவளா? மொதல்ல எழுதட்டும்."

தலைவர் வாசகம் சொன்னார், நான் எழுதினேன், அங்கேயே லேப் டைப்ரைட்டரில் அடித்தேன். அன்றைக்கு எனக்கு இரண்டு எழுத்துப் பிழை விழுந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு சொரிமுத்து ஒரு லென்ஸை எடுத்துக் கழுவி, எல்லோர் முன்னாலும் வாயால் ஊதினான். எச்சில் என்று யாரும் சொல்லவில்லை. பம்ப் காற்றை இழுத்து முடிக்க முக்கால் மணி ஆயிற்று, கமிட்டி டீ குடித்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வெங்காயத்தோலு. இன்னுங் கொஞ்சம் வரட்டும், அவசரப்படாதிய. ஆங், கத்தரிப்பூ. போதும்."

அளந்து பார்த்தபோது ஆயிரத்துக்குப் பதினைந்து ஆங்ஸ்ட்ராம் கூடுதல்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நிலையத்தில் நிர்வாக அதிகாரி என்று ஒருவர் இருந்தார். கமிட்டித் தலைவர் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு அவர் யோசித்தார். திறமை உள்ளவன் என்றால் டெக்னீஷியன் பதவி. டெக்னீஷியன் என்றால் மெட்ரிக் பாஸ் செய்திருக்க வேண்டும். சொரிமுத்து அஞ்சாம் கிளாஸ். விதியைத் தளர்த்த தில்லிக்கு எழுதலாம், இரண்டு வருஷம் ஆகும், அதுவரை தற்காலிகம்தான். அல்லது ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறபடி, கண்ணாடி துடைப்பவராக, உடனே நிரந்தரம். எது வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கொழா எதுல சார் வரும்?" என்று கேட்டான் சொரிமுத்து.

மே மாதம் தேவ்நாரில் கோலி கிடைத்தது. பூமாரி குழாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பொது லிஸ்டுக்குப் போனவனை நிர்வாக அதிகாரி புதுக் கட்டிடத்துக்குப் போட்டார். நாலு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல், அத்தனையும் கண்ணாடி. அவன் துடைத்த ஜன்னல்களில் இன்னும் கண்ணாடி மாட்டவில்லை என்று நினைத்து ஒரு ப்யூன் தலையை முட்டிக்கொண்டான்.

டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புதுக் கட்டிடத்தில் லேபும் கிடைத்தது. அடுத்த கட்டுரையில் கே.பி.யை எடுத்துவிட்டு, 'பயிற்சி பெற்ற பார்வையாளரின் கண்' என்று போட்டார். அப்போது அந்தப் பார்வையாளர் மூன்றாவது மாடியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். லேபுக்குப் புதிதாக மெட்ரிக் பாஸ் செய்த ஒருவரைப் போட்டார்கள். அவர் ப்ளூ, வயலெட் இரண்டையும் ஒன்று என்றே நினைத்தார். கண்ணாடியைப் புத்தகத்தில் சொன்னபடி கழுவினார். ஊதவில்லை. டாக்டரின் லேபில் வாயால் ஊதுவது தடை செய்யப்பட்டது என்று 1961லேயே ஒரு நோட்டீஸ் இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் நான் புதுக் கட்டிடத்துக்கு ஒரு ஃபைல் கொண்டுபோனேன். வராந்தாவில் சொரிமுத்து ஒரு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு லென்ஸை எடுத்து நீட்டினார்.

"சொரிமுத்து, ஒரு நிமிஷம் பாருடா. இது கத்தரிப்பூதானே? நாளைக்கு டைரக்டர்கிட்ட காட்டணும்."

சொரிமுத்து லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக ஊதினான். ஆவி திட்டுத் திட்டாகப் படிந்தது. தோளிலிருந்த துணியை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களைத் துடைக்கிற அதே கவனத்தோடு, லென்ஸை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தான். பூச்சு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. லென்ஸை டாக்டரின் உள்ளங்கையில் பத்திரமாக வைத்தான்.

"தொடச்சிட்டேன் சார்" என்றான்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்ன நிறம் என்று யாரையும் கேட்கிற அவசியம் அவருக்கு இப்போது இருக்கவில்லை.